லேப்டாப்பில் மட்டும் வைஃபை விட்டு விட்டு வருதா? பிளானை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

ஆன்லைன் இன்டர்வியூ போய்க்கொண்டிருக்கிறது. நீங்கள் பாதி பதில் சொல்லும்போதே எதிரில் இருப்பவரின் முகம் திரையில் அப்படியே நின்றுவிடுகிறது. பத்து, பதினைந்து நொடியில் எல்லாம் திரும்பி வந்துவிடும். அதற்குள் 'ஹலோ, கேக்குதா சார்?' என்று நான்கு முறை கேட்டிருப்பீர்கள். பக்கத்தில் கிடக்கும் போனிலோ அதே வைஃபையில் வீடியோ தடையில்லாமல் ஓடுகிறது.

நெட் சுத்தமாக வரவில்லை என்றால்கூடப் பரவாயில்லை, காரணத்தைச் சீக்கிரம் பிடித்துவிடலாம். விட்டு விட்டு வருவதுதான் பெரிய தலைவலி. புகார் கொடுத்து ஆள் வரும்போது ஒழுங்காக வேலை செய்யும். அவர் வண்டியை ஸ்டார்ட் செய்து தெருமுனையைத் தாண்டியதும் மறுபடியும் போகும். வெறுத்துப்போய் பலரும் 100 எம்பிபிஎஸ் பிளானை 300 ஆக்குகிறார்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் புது ரூட்டர், அதற்கும் மேலே போய் புது லேப்டாப். ஆனால் இணைப்பு அறுபடுவதற்கும் பிளானின் வேகத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. குழாயில் ஓட்டை எங்கே என்று பார்க்காமல் மாடியில் பெரிய சின்டெக்ஸ் டேங்க் வாங்கி வைத்தால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும் ஆகும்.

எந்த இடத்தில் அறுபடுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. அதற்குச் செலவு எதுவும் இல்லை.

வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு

'வாட்ஸ்அப் என்றால் புலனம், யூடியூப் என்றால் வலையொளி' என்று ஒரு பட்டியல் வருடா வருடம் சுற்றிக்கொண்டே இருக்குமே, அதில் வைஃபைக்கு 'அருகலை' என்று இருக்கும். பேச்சில் யாரும் சொல்வதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அந்தச் சொல்லுக்குள்ளேயே விளக்கம் இருக்கிறது. அருகில் இருக்கும் அலை, அவ்வளவுதான். உங்கள் லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் நடுவே உள்ள சில மீட்டர் தூரம்தான் வைஃபை. ரூட்டரில் இருந்து ஃபைபர் கேபிள் வழியாகத் தெருக் கம்பம், அங்கிருந்து நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் என்று வெளியே போவதுதான் இன்டர்நெட். இரண்டில் எது அறுந்தாலும் திரையில் தெரிவது ஒன்றுதான்: வட்டம் சுற்றும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க 'பிங்' என்ற பழைய கமாண்ட் போதும். விண்டோஸ் லேப்டாப் என்றால் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, 'கமாண்ட் பிராம்ப்ட்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து திறந்துகொள்ளுங்கள். கறுப்புத் திரை வரும், பயப்பட வேண்டாம். அதில் 'ஐபிகான்ஃபிக்' என்று இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டினால் ஒரு பட்டியல் வரும். வைஃபை என்று இருக்கும் பகுதியில் 'டீஃபால்ட் கேட்வே' என்ற வரியில் உள்ள எண்தான் உங்கள் ரூட்டரின் முகவரி. பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். ஜியோ ஃபைபர் ரூட்டர்களில் 192.168.29.1.

இப்போது 'பிங்' என்று டைப் செய்து, ஒரு இடைவெளி விட்டு அந்த எண், இன்னொரு இடைவெளி விட்டு ஒரு ஹைஃபன், அதை ஒட்டி டைகருக்கு வரும் 'டி' எழுத்தைப் போட்டு என்டர் தட்டுங்கள். நொடிக்கு ஒரு வரியாகப் பதில் வந்துகொண்டே இருக்கும். இதே மாதிரி இன்னொரு கறுப்புத் திரையைத் திறந்து, ரூட்டர் எண்ணுக்குப் பதில் 8.8.8.8 என்று போடுங்கள். இது கூகுளின் சர்வர் முகவரி. ஆக ஒரு ஜன்னல் உங்கள் வீட்டுக்குள்ளேயே பேசுகிறது, இன்னொன்று வெளி உலகத்தோடு பேசுகிறது. மேக் பயன்படுத்துபவர்கள் 'டெர்மினல்' திறந்து, பிங் என்று போட்டு, எண்ணை மட்டும் கொடுத்தால் போதும். நிறுத்த கன்ட்ரோல் பட்டனோடு 'சி'.

இரண்டையும் ஓடவிட்டு வழக்கமான வேலையைப் பாருங்கள். அடுத்த முறை நெட் போகும்போது திரும்பிப் பார்த்தால் கதை தெரிந்துவிடும். இரண்டு ஜன்னலிலும் 'டைம்டு அவுட்' என்று வந்தால் லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் நடுவே பிரச்னை. ரூட்டர் ஜன்னல் நன்றாக ஓடி, 8.8.8.8 மட்டும் நின்றால் வைஃபை மேல் பழி போடாதீர்கள், கோளாறு ரூட்டருக்கு அந்தப் பக்கம். இரண்டுமே ஓடிக்கொண்டிருக்க, வெப்சைட் மட்டும் திறக்கவில்லை என்றால் விபிஎன், ஆன்டிவைரஸ் அல்லது டிஎன்எஸ் செட்டிங் மீது சந்தேகப்படலாம். விபிஎன் இருந்தால் அதை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள்.

அறுபடாமலேயே தொல்லை கொடுக்கும் ரகமும் உண்டு. வீட்டுக்குள் இருக்கும் ரூட்டரின் பதில் சாதாரணமாகச் சில மில்லி செகண்டில் வந்துவிட வேண்டும். அது திடீர் திடீரென்று 500, 1000 என்று எகிறினால் கால் பேசும்போது குரல் உடைவதற்குக் காரணம் அதுதான். சில ரூட்டர்கள் பிங்குக்குப் பதில் சொல்லாதபடி அமைக்கப்பட்டிருக்கும். அந்த வீடுகளில் முதல் வரியில் இருந்தே பதில் வராது என்பதால் குழப்பம் இருக்காது.

'போன்ல நல்லா வருதே?'

எல்லோரும் சொல்லும் வாதம் இது. ஆனால் போனை நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது. வைஃபை பலவீனமானால் பல போன்கள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். வைஃபை தடுமாறியதே உங்களுக்குத் தெரியாது. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, லேப்டாப் இருக்கும் அதே மேசையில் போனை வைத்துப் பார்த்தால்தான் அது சரியான ஒப்பீடு. அப்போது போனும் திணறினால் லேப்டாப் நிரபராதி.

லேப்டாப்தான் காரணம் என்றால்

முதலில் பார்க்க வேண்டியது மின்சேமிப்பு. பேட்டரி நீடிக்க வேண்டும் என்பதற்காக லேப்டாப் தன் வைஃபை கார்டை அவ்வப்போது தூங்க வைக்கும். சில கார்டுகள் தூங்கி எழும்போது தடுமாறும். சார்ஜர் போட்டிருந்தால் நன்றாக வருகிறது, கழற்றினால் போகிறது என்றாலோ, மூடித் திறந்த பிறகு இணைய மறுக்கிறது என்றாலோ இதுவாகத்தான் இருக்கும்.

ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' போங்கள். 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்பதை விரித்தால் வைஃபை கார்டின் பெயர் இருக்கும். இன்டெல், ரியல்டெக், மீடியாடெக், குவால்காம் இவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை இரட்டை கிளிக் செய்து 'பவர் மேனேஜ்மென்ட்' டேபில், மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கக் கணினியை அனுமதிக்கலாமா என்று கேட்கும் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். புதிய லேப்டாப்கள் சிலவற்றில் இந்த டேபே இருக்காது. அது கோளாறு அல்ல, அந்த மாடல்களில் தூக்க முறையே வேறு. கன்ட்ரோல் பேனலில் உள்ள பவர் பிளான் செட்டிங்கில் 'வயர்லெஸ் அடாப்டர்' பகுதி இருந்தால் அதை 'மேக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸ்' ஆக்கிவிடலாம். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், பரவாயில்லை.

அடுத்தது டிரைவர். 'போன வாரம் வரைக்கும் நல்லாதான் இருந்துச்சு' என்பவர்கள் போன வாரம் விண்டோஸ் அப்டேட் வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். அதோடு வைஃபை டிரைவரும் மாறியிருக்கலாம். முன்பு சொன்ன அதே ஜன்னலில் 'டிரைவர்' டேபில் 'ரோல் பேக்' பட்டன் இருக்கும். அழுத்த முடிந்தால் பழைய டிரைவருக்குத் திரும்பலாம். மங்கலாக இருந்தால் திரும்பிப் போகப் பழையது எதுவும் சேமிப்பில் இல்லை என்று அர்த்தம். அப்போது லேப்டாப் நிறுவனத்தின் வெப்சைட்டில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து வைஃபை டிரைவரை இறக்கிப் போடுங்கள். 'எல்லா டிரைவரையும் இலவசமாக அப்டேட் செய்கிறோம்' என்று விளம்பரம் வரும் சாஃப்ட்வேர்கள் பக்கமே போகாதீர்கள். நெட் பிரச்னை தீருமோ இல்லையோ, வேறு தொல்லைகளைக் கூட்டி வரும்.

ஐபிகான்ஃபிக் பட்டியலில் உங்கள் லேப்டாப்பின் முகவரி 169.254 என்று தொடங்கினால் அது தனி விஷயம். ரூட்டர் லேப்டாப்புக்கு முகவரி கொடுக்கவில்லை, அதனால் லேப்டாப் தானே ஒரு முகவரியை வைத்துக்கொண்டது என்று பொருள். வைஃபை பெயரை 'ஃபர்கெட்' கொடுத்து, பாஸ்வேர்ட் போட்டு மீண்டும் இணைத்தாலே பல நேரம் சரியாகிவிடும். இல்லை என்றால் ரூட்டரை அணைத்துப் போடுங்கள்.

யாரும் அதிகம் கண்டுகொள்ளாத ஒரு வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டை ரைட் கிளிக் செய்து 'அட்மினிஸ்ட்ரேட்டர்' ஆகத் திறந்து, 'நெட்எஸ்ஹெச்', 'டபிள்யூலான்', 'ஷோ', 'டபிள்யூலான்ரிப்போர்ட்' ஆகிய நான்கையும் ஒவ்வொரு இடைவெளி விட்டு ஆங்கிலத்தில் டைப் செய்தால் கடந்த 3 நாட்களின் வைஃபை வரலாறு ஒரு பக்கமாகத் தயாராகும். எங்கே சேமிக்கப்பட்டது என்பதும் அங்கேயே வரும். பிரவுசரில் திறந்தால் எப்போது இணைந்தது, எப்போது அறுந்தது என்று வரைபடமாக இருக்கும். சிவப்பு வட்டம் இருக்கும் இடங்களில் பிழை. அதைக் கிளிக் செய்தால் காரணம் ஆங்கிலத்தில் வரும். தினமும் ஒரே நேரத்தில் அறுபடுகிறதா என்று இதில் கண்டுபிடித்துவிடலாம்.

செட்டிங்கில் உள்ள 'நெட்வொர்க் ரீசெட்' கடைசி மருந்து. சேமித்து வைத்த வைஃபை பாஸ்வேர்டுகள், விபிஎன் எல்லாம் போய்விடும். ஆபீஸ் லேப்டாப்பாக இருந்தால் ஐடி டீமிடம் கேட்காமல் தொடாதீர்கள்.

அடுக்குமாடியில் நெரிசல்

லேப்டாப்பில் எல்லாம் சரி, ஆனால் பிங் இன்னும் அறுபடுகிறது என்றால் பிரச்னை காற்றில் இருக்கலாம். லேப்டாப்பில் வைஃபை பட்டியலைத் திறந்து எத்தனை பெயர்கள் தெரிகின்றன என்று எண்ணிப் பாருங்கள். சென்னையில் ஒரு சாதாரண ஃபிளாட்டில் இருபதுக்குக் குறையாது. அத்தனை ரூட்டரும் ஒரே காற்றில்தான் பேசியாக வேண்டும்.

பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இடம் மிகக் குறைவு. சேனல்கள் 13 இருந்தாலும் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். மைக்ரோவேவ் அவனும் ஏறக்குறைய இதே அலைவரிசையில்தான் சூடாக்குகிறது. 'சாம்பார் சூடு பண்ணும்போதெல்லாம் நெட் போகுது' என்று வீட்டில் யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள், சரியாகத்தான் சொல்கிறார்கள். புளூடூத்தும் இங்கேதான் இருக்கிறது. இன்னொரு குற்றவாளி யாரும் எதிர்பார்க்காதது: யூஎஸ்பி 3.0. எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க், யூஎஸ்பி ஹப் போன்றவை வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் ஆய்வறிக்கை வெளியிட்டது. ஹார்டு டிஸ்க் மாட்டினால் மட்டும் வைஃபை தடுமாறுகிறது என்றால் அதைக் கொஞ்சம் நீளமான கேபிளில் மாட்டித் தள்ளி வையுங்கள்.

வழி என்ன? 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவதுதான். அங்கே இடம் தாராளம். இப்போதைய ரூட்டர்களில் இரண்டும் இருக்கும். ஆனால் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் லேப்டாப் எதில் ஒட்டிக்கொள்வது என்று தெரியாமல் அங்கும் இங்கும் தாவும், ஒவ்வொரு தாவலிலும் ஒரு துண்டிப்பு வரலாம். ரூட்டரின் செட்டிங் பக்கத்துக்குப் போய் 5 கிகாஹெர்ட்ஸுக்கு வேறு பெயர் வையுங்கள், லேப்டாப்பில் அதை மட்டும் சேமித்துக்கொள்ளுங்கள். ரூட்டர் முகவரியை பிரவுசரில் டைப் செய்தாலே அந்தப் பக்கம் வரும். பாஸ்வேர்ட் ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும், அல்லது இணைப்பு கொடுத்தவரைக் கேட்க வேண்டும்.

5 கிகாஹெர்ட்ஸுக்குச் சுவர் ஆகாது. நடுவே இரண்டு கான்கிரீட் சுவர் வந்தாலே சோர்ந்துவிடும். இன்னொன்று, இந்த அலைவரிசையின் ஒரு பகுதியை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடார் அலை இருப்பதாக உணர்ந்தால் ரூட்டர் அந்தச் சேனலைவிட்டு உடனே விலக வேண்டும் என்பது விதி. சேனல் 52 முதல் 144 வரை இந்த வகை. ரூட்டர் 'ஆட்டோ'வில் இருந்து, காரணமே இல்லாமல் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் காணாமல் போய்ப் போய் வந்தால் சேனலை 36 அல்லது 149 என்று நிலையாக வைத்துப் பாருங்கள்.

இதையெல்லாம்விட ரூட்டர் இருக்கும் இடம் முக்கியம். நம் வீடுகளில் ஃபைபர் கேபிள் எந்த ஜன்னல் வழியாக வந்ததோ அங்கேயே ரூட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு 'பார்க்க நல்லா இல்ல' என்று அது டிவி ஷோகேஸுக்குப் பின்னால் போகும். நடுவே இரும்பு பீரோ, அதன் முகத்தில் ஆளுயரக் கண்ணாடி. இரும்பையும் கண்ணாடியின் பூச்சையும் தாண்டி வருவது அலைக்குச் சிரமம். வீட்டின் நடுப்பகுதியில், தலை உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் ரூட்டர் இருந்தால் பாதிப் பிரச்னை அங்கேயே முடிந்தது. புது இணைப்பு வாங்குகிறவர்கள் கேபிளை உள்ளே வரை இழுத்துத் தரச் சொல்லி முதல் நாளே கேட்டுவிடுங்கள். அப்புறம் கேட்டால் நடக்காது.

ரிப்பீட்டர் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். சிக்னல் வராத அறையில் கொண்டுபோய் அதை மாட்டினால் பயனில்லை. வராத சிக்னலை அது எங்கிருந்து திருப்பி அனுப்பும்? பாதி வழியில் வைக்க வேண்டும். நம் கருத்தைக் கேட்டால், தினமும் வேலை பார்க்கும் மேசை ஒன்றுதான் என்றால் அதுவரை ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுவது ரிப்பீட்டரைவிட மலிவு, நம்பிக்கையானது. பரீட்சை, இன்டர்வியூ நாளில் அதன் அருமை தெரியும்.

சர்வீஸுக்குப் போய் வந்த லேப்டாப்பா?

லேப்டாப்பின் வைஃபை ஆன்டெனா பெரும்பாலான மாடல்களில் கீபோர்டு பக்கம் இருக்காது, திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்குள் இருக்கும். அங்கிருந்து மெல்லிய இரண்டு ஒயர்கள் கீல் வழியாக இறங்கி வைஃபை கார்டில் மாட்டப்பட்டிருக்கும். கீல் உடைந்து மாற்றியவர்கள், டிஸ்பிளே மாற்றியவர்கள், ரேம் போடத் திறந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தச் சின்ன கனெக்டர் சரியாக உட்காராவிட்டால் ரூட்டருக்குப் பக்கத்தில் சிக்னல் முழுசாக இருக்கும், அடுத்த அறைக்குப் போனால் காணாமல் போகும். திரையை முன்னும் பின்னும் அசைக்கும்போது சிக்னல் ஏறி இறங்கினாலும் இதே சந்தேகம்தான். லேப்டாப்பை மூடிவைத்து வெளி மானிட்டரில் வேலை செய்கிறவர்களுக்கு எதுவும் கெட்டுப்போகாமலேயே சிக்னல் குறையலாம்.

கார்டே போய்விட்டதா என்று பார்க்க, யூஎஸ்பியில் மாட்டும் வைஃபை டாங்கிளை நண்பரிடம் கடன் வாங்கிச் சோதியுங்கள். அதில் நன்றாக வந்தால் உள்ளே இருப்பதில்தான் கோளாறு. பல மாடல்களில் கார்டை மட்டும் தனியாக மாற்றலாம். 'மதர்போர்டு போச்சு' என்று கடையில் சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். உங்கள் மாடலில் கார்டு தனியாக இருக்கிறதா, போர்டோடு ஒட்டியதா என்று கேளுங்கள்.

கோளாறு ரூட்டருக்கு வெளியே என்றால்

ரூட்டர் பதில் சொல்கிறது, 8.8.8.8 மட்டும் நிற்கிறது. இப்போது ஃபைபர் பெட்டியில் உள்ள விளக்குகளைப் பாருங்கள். 'லாஸ்' என்று எழுதியிருக்கும் இடத்தில் சிவப்பு எரிந்தால் ஃபைபரில் ஒளியே வரவில்லை. கேபிள் எங்காவது மடங்கி, பீரோ காலுக்கோ கதவுக்கோ அடியில் நசுங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம். கழற்றிய கேபிளின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கக் கூடாது. அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஆபத்து.

எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்து எரிந்தால் ரூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. கரன்ட் போய் வந்ததா, அடாப்டர் பழசாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். ரூட்டரைவிட அடாப்டர்தான் முதலில் போகும், விலையும் குறைவு. அடிக்கடி கரன்ட் போகும் ஊர்களில் ரூட்டருக்கான சின்ன யுபிஎஸ் வாங்கிப் போடுவது நல்லது. அதில் வோல்ட், ஆம்பியர் இரண்டும் அடாப்டரில் எழுதியிருப்பதோடு பொருந்த வேண்டும்.

இதில் எதுவும் இல்லை, ஆனாலும் அறுபடுகிறது என்றால் அது நிறுவனத்தின் பொறுப்பு. போன் செய்து 'நெட் ஸ்லோவா இருக்கு' என்று சொன்னால் 'ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்றுதான் பதில் வரும். அதற்குப் பதில், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு அறுந்தது என்று இரண்டு மூன்று நாள் குறித்துவைத்து, இரண்டு பிங் ஜன்னலும் ஒன்றாகத் தெரியும் போட்டோவோடு புகார் கொடுங்கள். 'ரூட்டர் வரைக்கும் சரியா இருக்கு, உங்க லைன்லதான் போகுது' என்று ஆதாரத்தோடு சொல்லும்போது பேச்சின் தொனியே மாறும்.

புகாருக்கு டாக்கெட் எண் தருவார்கள், அதை வாங்காமல் போனை வைக்காதீர்கள். தீர்வு கிடைக்கவில்லை என்றால், டிராய் 2012-ல் கொண்டுவந்த விதிகளின்படி அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாட்களுக்குள் போகலாம். 39 நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும், இதற்குக் கட்டணம் கிடையாது. மேல்முறையீட்டில் முதலில் கேட்பது அந்த டாக்கெட் எண்ணைத்தான்.